பைன் பாரன்ஸில் ஒரு ‘ஈஸி லூப்’: ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்குச் சரிப்படுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் திருப்பிச் சொல்கிறேன். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முட்டிவலி உண்டு. எடிசன் நகரத்தில் உங்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள் என்று, நியூஜெர்சியின் தெற்கே பைன் பாரன்ஸ் என்ற பைன் காட்டுப் பகுதியில் இருக்கும் பிரெண்டன் டி. பைர்ன் ஸ்டேட் ஃபாரஸ்டுக்கு அழைத்துப் போக நினைக்கிறீர்கள். காட்டு அலுவலகத்தில் தொடங்கி பாக்கிம் குளம் வரை போய், வேறு பாதையில் திரும்பி வரும் லூப். நடைபாதைகளைக் காட்டும் செயலியில் ‘ஈஸி’ என்றும், ஆறு மைல் என்றும், ஏற்றமே கிடையாது என்றும் போட்டிருக்கிறது. கூட்டிப் போகலாமா? பாதையைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தாலும், பாதி வழியில் அம்மாவால் முடியாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போகலாம். ஆனால் முழுச் சுற்றையும் முதல் நாளே நடக்க வேண்டாம். பல வருடங்களாக இந்தக் காட்டில் நடக்கிறேன், பாதை பராமரிக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்து வேலையும் செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். முட்டியைப் பற்றிய முடிவு மட்டும் அம்மாவின் டாக்டர் சொல்ல வேண்டியது, நான் சொல்ல முடியாது.

‘ஈஸி’ என்று போடுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இரண்டே விஷயம்: எத்தனை மைல், எத்தனை அடி ஏற்றம். பைன் பாரன்ஸ் முழுக்க ஏறக்குறைய தட்டைநிலம். பக்கத்து வார்ட்டன் ஸ்டேட் ஃபாரஸ்டில் ஆப்பிள் பை ஹில் என்று ஒரு ‘மலை’ இருக்கிறது. அதன் உயரம் 205 அடி, அதற்கே ஊரெல்லாம் புகழ். அதனால் இங்கே எந்தப் பாதையைப் போட்டாலும் செயலி ‘ஈஸி’ என்றுதான் சொல்லும். மணலையும் வெயிலையும் உண்ணியையும் அது கணக்கில் எடுக்காது. எல்லா மரமும் ஒரே மாதிரி இருப்பதால் திசை குழம்பும் என்பதும் அதற்குத் தெரியாது. செயலி காட்டும் நேரமும் நன்றாக நடக்கிறவர்களின் நேரம். நின்று, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, போட்டோ எடுத்து நடக்கும் பெரியவர்களுக்கு ஆறு மைல் என்பது தாராளமாக நான்கு மணி நேரம். முட்டிவலியோடு நான்கு மணி நேரம் நடப்பது யாருக்கும் ஈஸி இல்லை.

மணலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே தரை வெள்ளை மணல். உள்ளூர்க்காரர்கள் சர்க்கரை மணல் என்பார்கள். பைன் ஊசி இலைகள் மெத்தையாக விழுந்து கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் இந்த மணல் இறுகி, நடக்கச் சுகமாக இருக்கும். சொல்லப்போனால் சிமெண்டுத் தரையைவிட முட்டிக்கு இதம். பாதை ஒரு வண்டித்தடத்தைக் கடக்கும் இடங்களிலும், சிறிது தூரம் வண்டித்தடத்தோடே போகும் இடங்களிலும்தான் மணல் இளகி, கால் உள்ளே போகும். முட்டிக்காரர்களைக் களைக்க வைப்பது அந்தத் துண்டுகள்தான். கார் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். போனில் வழி பார்த்தால் காட்டுக்குள் குறுக்கே ஏதோ ரோடு போவதாகக் காட்டும். அது மணல் தடம். சாதாரண சீடானை அதில் விட்டால் சக்கரம் புதைந்து, டோ டிரக் வர மறுத்து, அன்றைய பொழுது அங்கேயே முடியும். 70-ம் நம்பர் சாலையும் 72-ம் சாலையும் சந்திக்கும் ரவுண்டானாவைப் பிடியுங்கள். அங்கிருந்து 72-ல் கொஞ்ச தூரத்தில் அலுவலகத்துக்குத் திரும்பும் வழி வரும். அலுவலகத்திலேயே வரைபடம் வாங்கிக்கொண்டு, பாக்கிம் குளத்துக்குக் காரில் எந்த ரோட்டில் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது லூப். போன வழியே திரும்பி வர வேண்டியதில்லை, கடைசியில் நம் காரிலேயே வந்து நிற்போம். அதனால் எல்லோருக்கும் லூப் பிடிக்கும். அதில் ஒரு சிக்கல் உண்டு. போய்த் திரும்பும் பாதையில் எந்த நிமிடத்திலும் “போதும்” என்று திரும்பிவிடலாம், திரும்பும் வழி பார்த்த வழி. லூப்பில் பாதியை எட்டிவிட்டால் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே தூரம். எனவே பெரியவர்களை அழைத்துப் போகும்போது, லூப்பின் நடுவில் எங்காவது கார் வந்து நிற்க ரோடு இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அழகு, மைல், ரேட்டிங் எல்லாம் அப்புறம். நீங்கள் சொல்லும் லூப்பை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணமே அதுதான். நடுவில் இருக்கும் பாக்கிம் குளத்துக்குக் கார் போகும், மேசை பெஞ்சு உண்டு.

அதனால் நான் செய்யச் சொல்வது இப்படி. அலுவலகத்திலிருந்து குளம் வரை கிரான்பெரி டிரெயில் போகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் போகும்படி அமைத்த பாதை. லூப்பின் இரண்டு பாதிகளில் இதுதான் குட்டை. அப்பா அம்மாவோடு நீங்களோ உங்கள் துணைவியோ இதில் நடந்து வாருங்கள். மற்றவர் காரை ஓட்டிக்கொண்டு குளத்துக்குப் போய்க் காத்திருக்கட்டும். அங்கே உட்கார்ந்து புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிடுங்கள். பிறகு அம்மாவிடம் கேளுங்கள். “இன்னும் நடக்கலாமே” என்றால் குளத்தைச் சுற்றியுள்ள சதுப்பின் ஓரமாகக் கொஞ்ச தூரம் போய் வாருங்கள். அப்பா மட்டும் துறுதுறுவென்று இருந்தால் அவரும் நீங்களும் பட்டோனா டிரெயிலில் அலுவலகத்துக்கு நடந்து முழுச் சுற்றையும் முடித்துக்கொள்ளலாம், அம்மா காரில் வந்துவிடுவார். இதையே எதிர்த்திசையில், பட்டோனாவில் ஆரம்பித்துச் செய்தால் குறுகலான நீளப் பாதி முதலில் வந்துவிடும். அம்மா முடியவில்லை என்று சொல்லும் இடம் ரோடு இல்லாத நடுக்காடாக இருக்கும். நம் அம்மாக்கள் அதையும் உடனே சொல்ல மாட்டார்கள். “ஒண்ணுமில்லப்பா, நீ நட” என்று சொல்லிக்கொண்டே ஒரு மைல் தள்ளித்தான் உட்காருவார்கள்.

பட்டோனா பற்றி ஒரு வார்த்தை. 1961-ல் பிலடெல்பியாப் பக்கத்து நடைக் குழு ஒன்று ஏற்படுத்திய நெடும்பாதை அது, மொத்தம் 50 மைலுக்கு மேல். நீங்கள் நடக்கப்போவது அதில் ஒரு சிறு துண்டு. மரங்களில் கண் மட்டத்தில் வழிகாட்டியாக இளஞ்சிவப்புப் பெயிண்டில் பட்டை அடித்திருக்கும். ஒற்றைப் பட்டை என்றால் நேரே போ. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்து, மேலே உள்ளது வலப்பக்கம் தள்ளியிருந்தால் வலப்பக்கம் திரும்பு. இடப்பக்கம் என்றால் இடது. மூன்று பட்டை முக்கோணமாக இருந்தால் பாதையின் தொடக்கம் அல்லது முடிவு. மலைக்காட்டில் வழி தவறினால் சரிவையும் ஓடையையும் வைத்து ஓரளவு ஊகிக்கலாம். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பைன், அதே மணல், அதே புதர். ஆகவே நான் கண்டிப்பாகப் பின்பற்றும் வழக்கம் ஒன்று உண்டு. சில நிமிடம் நடந்தும் பட்டை கண்ணில் படவில்லை என்றால் மேலே போவதில்லை. கடைசியாகப் பட்டை பார்த்த மரத்துக்கே திரும்பி வந்து, அங்கிருந்து மறுபடி தேடுவேன். செல்போன் சிக்னல் சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் காணாமல் போகும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். போன் கையில் இல்லாத அப்பாவிடம் காகித வரைபடத்தைக் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் ஒரு வேலை ஆச்சு.

இனி உண்ணி. இந்தப் பதிலில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படியுங்கள். பாம்பு, கரடி என்று எல்லோரும் பயப்படுவார்கள். ராட்டில் ஸ்நேக் இங்கே உண்டு, ஆனால் மாநிலத்தில் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினம். கண்டால் அதிர்ஷ்டம் என்று தள்ளி நின்று பார்க்கலாம். நியூஜெர்சிக் காட்டில் நிஜமாகவே மனிதரை நோயில் தள்ளுவது கறுப்புக்கால் உண்ணி. அதன் இளம் பருவம் மே முதல் ஜூலை வரை மும்முரம், உருவத்தில் ஒரு கசகசா அளவுதான். அது பரப்பும் லைம் நோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டால் மாத்திரையில் சரியாகிவிடும். தவறவிட்டால் மூட்டு, நரம்பு, இதயம் வரை போகக்கூடும்.

உண்ணி மரத்திலிருந்து குதிக்காது, பறக்காது. பாதையோரப் புல், புதர் நுனியில் காலை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகும் துணியில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். இங்கேதான் அம்மாவின் புடவை பிரச்சினையாகிறது. கொசுவமும் பாவாடையும் பாதையின் இரு பக்கமும் உரசிக்கொண்டே போகும். உண்ணி உள்பக்கமாக ஏறினால் வெளியே தெரியவே தெரியாது. வெளிர் நிற சுடிதாரோ டிராக் பேண்டோ போடச் சொல்லுங்கள். பேண்டின் காலை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள், செருப்பு வேண்டாம். வெளிர் நிறம் என்றால் ஏறும் கரும்புள்ளி கண்ணுக்குத் தெரியும். அம்மா “என்னடா இது வேஷம்” என்பார், அதற்காக விட்டுக்கொடுக்காதீர்கள். முந்தின நாளே துணிக்கும் ஷூவுக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்துக் காயவைப்பது நன்றாக வேலை செய்கிறது என்பது உறுதி. அது துணிக்கு மட்டும், தோலில் படக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் காயும்வரை பக்கத்திலேயே விடாதீர்கள், பூனைக்கு விஷம். தோலுக்கு டீட் அல்லது பிக்காரிடின் உள்ள பூச்சிவிரட்டி போதும். வேப்பெண்ணெய், பூண்டு, லெமன்கிராஸ் எண்ணெய் என்று நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதையெல்லாம் நம்பிப் பெற்றோரைப் புதருக்குள் விட நான் தயாரில்லை.

வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணியை அப்படியே டிரையரில் அதிக சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு குளியல். குளிக்கும்போது முட்டியின் பின்புறம், இடுப்புப் பட்டை உட்காரும் இடம், அக்குள், காது மடலின் பின்புறம், தொப்புள், தலைமுடிக்குள் எல்லாம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முதுகை அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளலாம். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் விடுவது, வாசலின் தடவுவது எதுவும் வேண்டாம். லைம் கிருமி உடலுக்குள் போவதற்குப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும், அதனால் அன்று மாலையே எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம். ‘பெரும்பாலும்’ என்கிறேன், ஏனென்றால் எல்லா உண்ணி நோய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. நீண்ட நேரம் ஒட்டியிருந்ததாகத் தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். தடுப்பாக ஒரு வேளை மாத்திரை தரலாமா என்று அவர் முடிவு செய்வார்.

நம்மவர்களுக்கென்றே இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, லைம் நோயின் தடிப்பு என்று இணையத்தில் காட்டும் படம் வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு வளையம். நம் மாநிறத்தில் அது அப்படித் தெரியாது. கன்றிப்போன மாதிரி, கொஞ்சம் கறுத்த படையாக மட்டும் இருக்கலாம், வளையமே இல்லாமலும் இருக்கலாம். எந்தப் படை நாளுக்கு நாள் பெரிதாகிறதோ அதைச் சந்தேகப்படுங்கள். இரண்டாவது, தடிப்பு வர 3 முதல் 30 நாள் வரை ஆகலாம். அதற்குள் அப்பா அம்மா ஊருக்குத் திரும்பியிருந்தால், மதுரையில் காய்ச்சலும் மூட்டுவலியும் என்று போய் நிற்கும்போது அங்குள்ள டாக்டருக்கு டெங்குவும் சிக்கன்குனியாவும்தான் முதலில் நினைவுக்கு வரும். அவர் மேல் தப்பில்லை. “நியூஜெர்சியில் காட்டுக்குள் நடந்தோம், லைம் நோய் அதிகமுள்ள இடம்” என்று சொல்லச் சொல்லி, தேதியையும் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் பாய்சன் ஐவி செடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் செடியைத் தொடாதே என்பதோடு முடித்துக்கொள்ளலாம். ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க, சேராங்கொட்டை குடும்பம் என்று சொன்னால் போதும், உடனே தள்ளி நடப்பார்கள். மாம்பால் பட்டால் புண்ணாகும் ஆட்கள் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கட்டும். அதுவும் அதே குடும்பம்தான். ஓடைத் தண்ணீர் செம்பழுப்பாக இருப்பதைப் பார்த்து “சாக்கடையா?” என்று கேட்பார்கள். சாக்கடை இல்லை. சீடர் மரமும் சதுப்பு நிலச் செடிகளும் விடும் சாயமும், மண்ணிலுள்ள இரும்பும் சேர்ந்த நிறம். இந்த மணலுக்கு அடியில் 17 லட்சம் கோடி கேலன் நன்னீர் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைக் காக்க வேண்டும் என்பதும் 1979-ல் இந்தப் பகுதிக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு ஒரு காரணம். அந்தச் சட்டத்துக்காக நின்ற கவர்னர் பைர்ன் பெயரைத்தான் பிற்பாடு இந்தக் காட்டுக்கு வைத்தார்கள். பழைய பெயர் லெபனான் ஸ்டேட் ஃபாரஸ்ட். என்ன இருந்தாலும் ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துப் போங்கள். பாதையில் ஏறிவிட்டால் குளம் வரை கழிப்பறை கிடையாது. அலுவலகத்திலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள். குப்பைத்தொட்டியும் எதிர்பார்க்காதீர்கள், கொண்டு போனதையெல்லாம் திருப்பிக் கொண்டு வர வேண்டும்.

எந்த மாதம்? அப்பா அம்மா கோடையில் வந்திருப்பதால் ஜூன், ஜூலையில் போக ஆசைப்படுவீர்கள். அந்த இரண்டு மாதம்தான் எனக்குப் பிடிக்காதவை: உண்ணிக்குஞ்சுகள் உச்சத்தில் இருக்கும், மான் ஈ தலையைச் சுற்றிச் சுற்றிக் கடிக்கும், பைன் மர நிழல் ஆலமர நிழல் கிடையாது. போயே ஆக வேண்டும் என்றால் காலை ஏழரைக்குள் நடக்கத் தொடங்கிப் பத்துக்குள் குளத்தை எட்டிவிடுங்கள். விசா அக்டோபர் வரை இருந்தால் அக்டோபர் நடுவில் போங்கள். வெயில் தணிந்து, ஈ ஓய்ந்து, புதரெல்லாம் சிவந்து நிற்கும். அப்போதும் பெரிய உண்ணிகள் உண்டு. குளிர் வந்துவிட்டால் உண்ணி செத்துவிடும் என்று நம்மவர்கள் சொல்வது தவறு. உறைநிலைக்கு மேல் வெப்பம் இருக்கும் எந்த நாளிலும் அது வெளியே வரும். இலையுதிர் காலத்தில் ஸ்டேட் ஃபாரஸ்டில் வேட்டைக்கும் அனுமதி உண்டு. டிசம்பரில் மான் வேட்டைக்குத் துப்பாக்கியோடு வருவார்கள், தேதிகளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு எல்லோருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டையோ தொப்பியோ போட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு மரம் செடியில் ஆர்வம் இருந்தால், நடக்கும்போது பிட்ச் பைன் மரம் ஒன்றின் அருகே நிறுத்துங்கள். கிளையிலிருந்து ஒரு கொத்து ஊசி இலையைப் பறித்தால் கொத்துக்கு மூன்று ஊசி இருக்கும். அடிமரப் பட்டையைப் பாருங்கள்: தடித்து, தட்டுத் தட்டாக வெடித்து, பல மரங்களில் ஆள் உயரத்துக்குக் கரி படிந்திருக்கும். அந்தக் கரிப் பட்டையின் வெடிப்பிலிருந்தே பச்சைக் குஞ்சம் ஒன்று நேராகத் துளிர்த்து நிற்கும். சாதாரணப் பைன் எரிந்தால் செத்துவிடும். இது பட்டைக்கு அடியில் மொட்டை ஒளித்துவைத்திருந்து, நெருப்பு போனதும் மரத்தின் மேலிருந்தே முளைக்கும். இந்தக் காடே எரிந்து எரிந்து உருவான காடு. வனத்தீத் துறையினரே குளிர்காலக் கடைசியில் திட்டமிட்டுச் சில பகுதிகளைக் கொளுத்துவார்கள், அந்த நாட்களில் புகையைக் கண்டு பதற வேண்டியதில்லை. அதற்காக நீங்கள் ஊதுபத்தி கூடப் பற்றவைத்துவிடக் கூடாது. 2022 ஜூனில் வார்ட்டன் காட்டில் 13,000 ஏக்கருக்கு மேல் எரிந்ததற்குக் காரணம், யாரோ அனுமதியில்லாமல் மூட்டிய முகாம் நெருப்பு.

எல்லாம் யோசித்தும் முட்டி ஒத்துழைக்காது என்று தோன்றினால், இதே காட்டின் இன்னொரு பக்கம் வைட்ஸ்பாக் என்ற பழைய கிராமம் இருக்கிறது. கிரான்பெரி வயல்களுக்கு நடுவே வரப்பு மாதிரி அகலமான மணல் ரோடுகள். எங்கு வேண்டுமானாலும் திரும்பிவிடலாம், கார் கண்ணில் படும் தூரத்திலேயே இருக்கும். எலிசபெத் வைட் என்ற பெண்மணியும் ஃபிரெடெரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் காட்டுப் புளூபெரியைப் பயிராக்கி, 1916-ல் முதல் விளைச்சலை விற்பனைக்கு அனுப்பியது இங்கிருந்துதான். விவசாயக் குடும்பத்துப் பெரியவர்களுக்கு பைன் காட்டைவிட இந்த வயல் நிச்சயம் அதிகம் பிடிக்கும். மடை எங்கே, தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்று அவர்களே நமக்குச் சொல்லித்தர ஆரம்பித்துவிடுவார்கள். வரப்போரப் புல்லிலும் உண்ணி உண்டு, சாக்ஸ் விதி அங்கேயும் அதேதான்.